மைனாவுக்கு ஒரு முகவலை

கொப்பரைப்பட்டியில் கரும்பு வெட்டு தொடங்கின மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, ஊரில் ஒருத்தராலும் தன் தலைப்பக்கம் ஒரு கை வருவதைத் தாங்க முடியாமல் போயிற்று. பெற்றவள் கையானாலும் சரி, கட்டினவன் கையானாலும் சரி, தன் சொந்தக் கையே ஆனாலும் சரி, அது தோளுக்கு மேலே எழும்பினால் கழுத்து தானாகப் பின்னால் வெட்டிக்கொண்டு போயிற்று. முதலில் தெரிந்துகொண்டவள் டீக்கடை ரங்கக்கா. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நெற்றிக்குக் குங்குமம் வைக்கப் போனவள், விரல் புருவத்துக்கு வருமுன்னே தலையை வெட்டி, சுவரில் தொங்கின காலண்டரில் இடித்துக்கொண்டு, "எவடி அவ என்னைய அடிக்க வாரது?" என்று தன் விரலையே பார்த்துக் கத்தினாள்.

வெயில் ஏறுவதற்குள் ஊர் முழுக்க அதே கதையாயிற்று. பிள்ளைகள் சீப்பைக் கண்டு கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கின. சீப்பைப் பிடித்த தாய்மார்கள், கலைந்த தங்கள் மயிரை ஒதுக்கக் கை தூக்கி, தூக்கின கைக்கே மிரண்டு வாசலுக்கு ஓடினார்கள். பெருமாள் கோயிலில் பட்டர் தலையில் வைக்கச் சடாரியைத் தூக்கினதும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் காற்றடித்த கரும்புக்காடு மாதிரி ஒரே பக்கம் சாய்ந்தார்கள், அதைப் பார்த்துச் சிரிக்கப்போன பட்டர் மூக்கைச் சொறியக் கை கொண்டுபோய், அந்தக் கைக்கே பயந்து சடாரியைக் கீழே போட்டார். தண்ணீர்த் தொட்டியில் ஏதோ விழுந்துவிட்டது என்றார் ஒருத்தர். ஆலையில் வெல்லப்பாகு வெளுக்கப் போடுகிற மருந்தின் வாடை என்றார் இன்னொருத்தர். மாரியம்மனுக்கு இந்த வருஷம் கெடா வெட்டாததுதான் என்றாள் ரங்கக்கா. எல்லாரும் சொன்னதையும் எல்லாரும் ஒத்துக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனோம், ஏனென்றால் வெட்டிப்போட்ட கரும்பு யாருக்காகவும் காத்திருக்காது.

சாப்பாட்டு நேரத்தில்தான் வழி புலப்பட்டது. பிசைந்த சோற்றோடு வாய்க்குப் புறப்பட்ட கை பாதியில் நின்றது, பசியோ நிற்கவில்லை, ஆலைக் கொட்டகையில் ஒருவன் குனிந்து இலைக்கு வாயைக் கொண்டுபோனான். தலை தானாகப் போனபோது கழுத்து வெட்டவில்லை. அப்படித்தான் எங்கள் ஊருக்கு ஒரு சட்டம் வந்தது. தலை எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதுவும் தலையைத் தேடி வரக்கூடாது.

அந்தச் சட்டத்துக்குள் நாங்கள் குடியேறினோம். ரங்கக்கா டம்ளர்களைப் பலகை ஓரத்தில் வரிசையாக வைக்க, ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து உறிஞ்சினார்கள். சலூன்காரர் கத்தியை ஒரு மரத்தூணில் இறுக்கிக் கட்டிவிட்டு ஒதுங்கி நிற்க, வந்தவன் தன் கன்னத்தைக் கொண்டுபோய்க் கத்தியில் மெல்ல இழைத்துக்கொண்டான். குங்குமம் கோயில் தூணில் ஏறிற்று, நெற்றியைத் தூணுக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக்கொண்டோம். வைகாசியில் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலிக்கயிற்றை முடிச்சுப் போட்டு வளையமாகப் பிடித்துக்கொண்டு இடுப்பு உயரத்தில் அசையாமல் நிற்க, மணப்பெண் குனிந்து தன் தலையை அதற்குள் நுழைத்துக்கொண்டாள், நாதஸ்வரக்காரர் தரையில் படுக்கவைத்த நாதஸ்வரத்தைக் குப்புறக் கிடந்து வாசித்தார். பெரியவர்கள் ஆசீர்வதிக்கக் கையை நீட்டியே வைத்திருந்தார்கள், வேண்டியவர்கள் கைக்கு அடியில் தலையைக் கொண்டுபோனார்கள். மழை மட்டும் சட்டத்தைக் கேட்கவில்லை. ஒரு தூறல் விழுந்தால் ஊரே வீட்டுக்குள் அடைந்து கதவைச் சாத்திக்கொண்டது.

ஊரைவிட்டுப் போனால் சரியாகும் என்று நினைத்துத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், பஸ் கூட்டத்தில் கம்பியைப் பிடிக்கத் தூக்கின கைகளுக்கு நடுவே அலறி, வழியிலேயே இறங்கி நடந்து திரும்பினார்கள். வெளியூர்க்காரர் யாராவது எங்கள் ஊரில் ஒரு இரவு தூங்கினால் அவர்களுக்கும் வந்தது. அதனால் கடைசி பஸ்ஸுக்கு எல்லா விருந்தாளிகளும் புறப்பட்டுவிடுவார்கள், நாங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று, கையைத் தூக்கி ஆட்ட முடியாமல், தலையை மட்டும் ஆட்டி வழியனுப்புவோம். வாசல் இல்லாத வீட்டுக்குள் இருப்பது போல இருந்தது. சுவரும் இல்லை, அதுதான் வேடிக்கை.

இதையெல்லாம்கூடப் பொறுத்தோம். பொறுக்க முடியாதது ஈ.

கரும்புச்சாறும் பாகும் மண்டி மண்டியாக வெல்லமும் இருக்கிற ஊரில் ஈ எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணோரத்தில் வந்து உட்காரும், உதட்டில் வந்து நடக்கும், விரட்டக் கை தூக்க முடியாது. தலையை ஆட்டுவோம். ஈக்கு அது ஊஞ்சல். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஊரே தலையை ஆட்டி ஆட்டி, காதைச் சிலுப்பி, மூக்கால் புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டிருந்தது, அப்படி ஊதிக்கொண்டு நின்ற ஒரு மத்தியானத்தில்தான் ரங்கக்கா எதிரே ஜட்கா ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏ சைத்தூனு, உன்ற மைனா இத்தனை வருசமா இப்படித்தான நின்னுச்சு?"

சைத்தூன் ஜட்கா ஓட்டுகிறவள். புருஷன் மௌத்தான பிறகு வண்டியை அவளே ஓட்டினாள், பஸ் ஸ்டாண்டிலிருந்து மலையடிவாரத் தர்காவுக்கும் கோயிலுக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவாள். மைனா அவள் குதிரை. புருஷன் கைக்கு வருமுன் அதை ஓட்டினவர் அவன் அண்ணன், தாராபுரத்து மஸ்தான். அவர் சாட்டைக்கோலின் அடிப்பக்கத்தால் மைனாவின் முகத்தில் அடித்து அடித்துத்தான் பழக்கினார். அன்றிலிருந்து மைனா யார் கையையும் தலைப்பக்கம் விடாது. எங்களுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது மைனாவுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தில் ஈ மைனாவின் கண்ணைத் தின்றது. வலது கண்ணில் பால் மாதிரி பூ விழுந்து அது போயே போய்விட்டது. இடது கண்ணிலும் புளிச்சை கட்டி நீர் வழிய, சைத்தூன் அதைக் கொட்டடியில் இருட்டில் கட்டி, வேப்பிலைப் புகை போட்டு, புகைக்குள் தானும் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மஸ்தானுக்கும் குதிரையில் பாதிப் பங்கு உண்டு. வந்து பார்த்தார்.

"புகைக்குள்ள பூட்டி வச்சு என்ன பண்ணப்போற புள்ள? கண்ணில்லாத குதிரைய ஸ்டாண்டுல நிக்க விடுவாங்களா? அடிமாட்டு லாரிக்காரன் இருக்கான், ஏத்தி விட்டுருவோம்."

"ஒரு கண்ணு இருக்கு பெரிய மச்சான்."

"இருக்கா? எனக்கு ஒண்ணும் தெரியல."

"தர்காவுல கொடி ஏறட்டும். அன்னிக்கு வந்து பாருங்க. கண்ணு தெரியலேன்னா நானே கயித்த அவுத்துத் தாரேன்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்னோட விட்டுருங்க. இனிமே கேக்கப்படாது."

"சரி, கேக்கல," என்றார் மஸ்தான், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போனார்.

மறுநாள் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார். வெளியூர்க்காரர், எங்கள் வியாதி இல்லாதவர். கிட்டே போகாமல், குதிரையின் தோளோரமாக நின்று பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "ஈ உட்காராம இருந்தா இந்தக் கண்ணு தானா தேறும். மருந்து போட விடாது, கட்டிப்போட்டுப் போட்டா பயத்துலயே செத்துரும். முகத்துக்கு ஒரு வலை போடணும்," என்றார்.

"போட விடுமாங்க?"

"அதுக்குத் தோதான வலையாப் பார்க்கணும். இமைமயிர்ல படக்கூடாது, கண்ணுக்கு மேல குமிழ் மாதிரி எழும்பி நிக்கணும். ஓரம் உறுத்தக்கூடாது. முக்கியமா ஒண்ணு, கிடைச்சதையெல்லாம் கொண்டுவந்து அதுமேல சோதிச்சுப் பார்க்காதீங்க. ஒவ்வொரு தடவை மிரளும்போதும் ஒரு மாசம் பின்னால போயிருவீங்க."

"அப்ப எது தோதுன்னு அதைக் கேக்காம எப்படித் தெரியும்?" என்றாள் சைத்தூன்.

டாக்டரம்மா திரும்பினார். டீக்கடையில் தலையை ஆட்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

அப்படித்தான் கொப்பரைப்பட்டி, ஒரு குதிரையின் முகவலையைத் தன் முகத்தில் போட்டுப் பார்க்கத் தொடங்கிற்று. எங்களால் தாங்க முடிந்ததை மைனா தாங்கும், எங்களை மிரட்டினது அதையும் மிரட்டும். இதைவிட நல்ல தராசு எந்த ஊரிலும் கிடையாது.

முதலில் கோயமுத்தூரிலிருந்து சைத்தூன் வரவழைத்த ரெடிமேட் வலை. நீலக் கலர், காதுக்கு உறை, தாடைக்கு அடியில் ஒட்டுப்பட்டை. பலகைமேல் விரித்து வைத்து ரங்கக்கா முகத்தை நுழைத்தாள், மூக்குப்பக்கம் முழ நீளத்துக்குத் தொங்கிற்று.

"எப்படி இருக்குதுக்கா?"

"ஆனைக்கு வாக்கப்பட்டாப்புல இருக்குது. காதுல உறை இருக்குதா, ஒண்ணும் கேக்கமாட்டீங்குது. எவன் எந்தப் பக்கம் வாரான்னே தெரியமாட்டீங்குது சாமி. கழட்டு, கழட்டு!"

யாரும் கழற்ற முடியாது, அவளேதான் பட்டையை ஆணியில் மாட்டி இழுத்தாள். ஒட்டுப்பட்டை சர்ர்ரென்று பிரிந்தது. அந்தச் சத்தம் காதோரத்தில் யாரோ துணியைக் கிழித்த மாதிரி தெரு முழுக்க ஓட, டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் டம்ளரைத் தட்டிவிட்டு எழுந்தோம், கொட்டடியில் மைனா சுவரை உதைத்தது. நீல வலை அன்றைக்கே ஆலை அடுப்புக்குப் போயிற்று.

அடுத்தது டைலர் குழந்தைவேலு கொசுவலைத் துணியில் தைத்தது. மெத்தென்று இருந்தது. ஆனால் இமை தட்டும்போதெல்லாம் துணி இமைமயிரைப் பிடித்தது, வேர்வையில் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது, குழந்தைவேலுவே மாட்டிக்கொண்டு நின்றபோது ஒரு ஈ எப்படியோ உள்ளே புகுந்து வெளியே போக வழி தெரியாமல் அவர் கண்ணுக்கும் வலைக்கும் நடுவே சுற்றியது. அவர் தெருவோடு ஓடினார், தலையை உதறி உதறி, "உள்ள இருக்குது, உள்ள இருக்குது" என்று கத்திக்கொண்டு. அந்த ஓட்டத்தைப் பார்த்து ஊர் சிரித்தது. சைத்தூன் சிரிக்கவில்லை. "மைனாவுக்குச் சொல்ல வாய் இல்லண்ணே," என்றாள், அவர் குளத்தில் முங்கி எழுந்து வந்தபிறகு.

அப்புறம் நெற்றியிலிருந்து நூல்குஞ்சம் தொங்கவிட்டுப் பார்த்தோம். படவில்லை, புழுங்கவில்லை, ஆனால் அசையும்போது ஒவ்வொரு நூலும் தலையைத் தேடி வருகிற ஒரு விரலாக இருந்தது. ஜட்காக்காரர்கள் வழக்கமாகக் கட்டுகிற கண்பட்டையைச் சொன்னார் ஒருத்தர். இரண்டு பக்கமும் தோல் மறைப்பு வைத்தது, மைனாவைத் தவிர எங்கள் ஊர்க் குதிரைகள் எல்லாம் போட்டிருப்பது. அதை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டில் நின்ற ஜட்காக்காரர் ஒருத்தர், பக்கத்தில் ஒரு காக்கை பறந்ததற்கே தரையோடு பதுங்கிவிட்டார். எழுந்ததும் போய்த் தன் குதிரையின் கண்பட்டையை அவிழ்த்துவிட்டார். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். அது எங்கள் கணக்கில் இல்லாத ஒரு காரியம், நடந்தது.

கடைசியில் தோதான வலை, ரங்கக்கா கடையில் போண்டாமேல் கவிழ்த்துகிற வலைக்கூடையிலிருந்துதான் வந்தது. குழந்தைவேலு அந்த விறைத்த வலையைக் கண் இருக்கிற இடத்தில் இரண்டு குமிழாக எழுப்பி, ஓரத்துக்குப் பழைய வெல்வெட் ரவிக்கைத் துணியை மடித்துக் கொடுத்து, காது வெளியே வர இரண்டு பெரிய ஓட்டை விட்டு, ஒட்டுப்பட்டையும் கொக்கியும் பொத்தானும் இல்லாமல் வெறும் அகல எலாஸ்டிக் வைத்துத் தைத்தார். அதற்குள் முகத்தை விட்டுப் பார்த்தோம். வெளியே ஈ உட்கார்ந்து நடந்தது, கண்ணுக்கு வரவில்லை. உலகம் கொஞ்சம் மங்கலாக, ஆனால் முழுசாகத் தெரிந்தது. கேட்டது. ரங்கக்கா அதைக் கழற்றவே மாட்டேன் என்று மத்தியானம் முழுக்க அதோடு டீ ஆற்றினாள். "குதிரைக்குத் தச்சத நீ போட்டுக்கிட்டா எப்படிக்கா?" என்று கேட்டதற்கு, "குதிரைக்கு வேற தைங்க," என்றாள்.

வேறு தைத்தார்கள். மைனாவுக்கு யார் மாட்டுவது என்பதில்தான் எல்லாரும் நின்றுவிட்டோம், ஏனென்றால் மாட்டுவதென்றால் ஒரு கை மேலே போக வேண்டும்.

சைத்தூன்தான் சொன்னாள். "நம்ம தலைக்கு யாரு மாட்டுனா? நாமளாத்தான போனோம்."

மைனா தலையைத் தானாகக் கொண்டுபோகிற இடம் ஒன்றே ஒன்று இருந்தது, கொள்ளுப்பை. சைத்தூன் வலையைப் பையின் வாயில் பொருத்தினாள், கொள்ளை அடியில் போட்டாள், பையைத் தன் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, குதிரையைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். மைனா மோந்தது. போய்விட்டது. மறுநாளும் மோந்தது. ஒரு நாள் மூக்கு போயிற்று, ஒரு நாள் கன்னத்தெலும்பு வரை போயிற்று. எத்தனை நாள் என்று யாரும் எண்ணவில்லை, ஆனால் தெருவில் நடக்கிற எல்லாரும் கொட்டடி வாசலில் நின்று, "எதுவரைக்கும்?" என்று கேட்காமல் போனதில்லை. "மூக்கு வரைக்கும்." "கண்ணு வரைக்கும்." பிறகு ஒரு காலையில் மைனா பைக்குள்ளிருந்து தலையை எடுத்தபோது வலை அதன் முகத்தில் இருந்தது, ஒரு காது வெளியிலும் ஒரு காது உள்ளேயும். மைனா அப்படியே நின்றது. கொஞ்சம் யோசித்த மாதிரி நின்றுவிட்டு, மற்றக் காதையும் தானே எடுத்துக்கொண்டது. கழற்றவும் அதே பைதான், விளிம்பில் வைத்த மரக்கொக்கியில் வலையின் ஓரம் மாட்டிக்கொள்ளும், மைனா தலையை இழுத்துக்கொள்ளும்.

கண்ணில் நீர் வழிவது நின்றது. புளிச்சை காய்ந்தது. புகையை நிறுத்திவிட்டு சைத்தூன் அதை வெளிச்சத்தில் கட்டினாள். வலை கழற்றி மைனா தலை தாழ்த்தி நிற்கிற நேரத்தில் பக்கத்தில் நின்று கையை அதன் தோளில் வைப்பாள், நாளுக்கு ஒரு விரற்கடை மேலே கொண்டுபோவாள், கழுத்து, பிடரி, தாடை. தன் கை தன் கன்னத்துக்கு வராத ஒருத்தியின் கை ஒரு நாள் மைனாவின் கன்னத்தில் போய் நின்றது. மைனா வெட்டவில்லை. அன்றைக்கு அவள் டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தாள், ரங்கக்கா இரண்டு டீ வைத்தாள்.

தர்காவில் கொடி ஏறினது. காலை பஸ்ஸில் மஸ்தான் வந்தார்.

"முகத்துல கூடையக் கவுத்து வச்சுப் பாரு பாருன்னா எப்படிப் பாக்குறது? கழட்டு."

மைனா பைக்குள் தலையை விட்டு எடுத்தது. வெறும் முகத்தோடு நின்றது. தெருவில் வேலைக்குப் போனவர்களெல்லாம் நின்றோம். மஸ்தான் இடது பக்கம் வந்து, உள்ளங்கையை விரித்து, கண்ணுக்கு நேரே கொண்டுபோனார். நாங்கள் அத்தனை பேரும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டோம். மைனா இழுக்கவில்லை. கை என்றால் கன்னத்தில் வந்து நிற்கிற ஒன்று என்று அது இப்போது நினைத்திருந்தது.

"பாத்தியா?" என்றார் மஸ்தான். "கண்ணுகிட்டக் கை வருது, அசையல. சுத்தக் குருடு."

"இல்ல பெரிய மச்சான், அது பயப்படல, அதான்."

"இந்தக் குதிரையா பயப்படல? என்கிட்டயா?"

"இன்னொருக்காப் பாருங்களே, ஏன் இத்தனை அவசரம்?" என்றாள் ரங்கக்கா. மஸ்தான் இன்னொரு தரம் பார்த்தார். மைனா அவர் விரலை மோந்து பார்த்தது. குருட்டுக் குதிரையும் மோந்து பார்க்கும். "கயித்த அவுரு புள்ள," என்றார். "நீதான சொன்ன."

சைத்தூனின் உதடு அசைந்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் கேட்டது. "வெட்டுடி. தலைய வெட்டுடி என் தங்கமே." இத்தனை நாள் எந்தப் பயத்தை அதனிடமிருந்து விரல் விரலாக எடுத்தாளோ அதையே கொடு என்று கெஞ்சினாள்.

அவள் கயிற்றுக்குக் கை கொண்டுபோகவில்லை என்று கண்ட மஸ்தான், கயிற்றைத் தானே அவிழ்க்கத் தோதாகக் குதிரையை ஒதுக்க நினைத்து, வண்டியில் செருகியிருந்த சாட்டைக்கோலை எடுத்தார். அடிக்க என்று எடுக்கவில்லை. பழைய கை, பழைய பிடி, அடிப்பக்கம் மேலே வர எடுத்தார்.

மைனா அதைப் பார்த்தது. அதன் தலை வானத்துக்குப் போயிற்று, முன்கால் இரண்டும் தரையை விட்டன, கயிறு அறுந்து தொங்க, கொட்டடியின் கடைசி மூலையில் போய் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதோடு சேர்ந்து தெருவே பின்னால் வெட்டிற்று, ஆணும் பெண்ணும், டம்ளரும் சைக்கிளும், ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தோம்.

மஸ்தான் கோலைப் பிடித்தபடி நின்றார். மூலையில் நடுங்கின குதிரையைப் பார்த்தார். பிறகு திரும்பி, தன்னைப் பார்த்துப் பின்னால் வளைந்திருந்த எங்கள் கழுத்துகளைப் பார்த்தார். கோலை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் குனிந்து, சத்தம் வராமல், தரையில் வைத்தார்.

"தெரியுது," என்றார். "கண்ணு தெரியுது."

"கேக்க மாட்டீங்கல்ல?"

"கேக்கல." அவர் எந்தப் பஸ்ஸுக்கும் காத்திருக்காமல் ரோட்டோடு நடந்து போனார்.

யாரும் சந்தோஷப்படவில்லை. ரங்கக்கா மட்டும், "செயிச்சுட்டியே சைத்தூனு," என்றாள், சொன்னதும் தன் குரலுக்கே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். சைத்தூன் கொள்ளைப் பையில் போட்டாள். வலையை அதன் வாயில் பொருத்தினாள். கொட்டடி வாசலில் தரையோடு தரையாக உட்கார்ந்து, பையைத் தாழப் பிடித்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தாள்.

மைனா மூலையை விட்டு வரவில்லை. இடது கண் அகலத் திறந்திருந்தது, தெளிவாக இருந்தது, அதற்குள் பையும் சைத்தூனும் நாங்களும் தெருவும் அத்தனையும் தெரிந்தது, தெரிந்ததால்தான் அது வரவில்லை. ஒரு ஈ வந்து அந்தக் கண்ணோரத்தில் உட்கார்ந்தது. அப்புறம் இன்னொன்று.

ஆலையில் பாகு இறக்குகிற நேரம். யாரும் போகவில்லை. சைத்தூனுக்குப் பின்னால் நாங்கள் ஒவ்வொருத்தராகத் தரையில் உட்கார்ந்தோம், கையை மடியில் வைத்துக்கொண்டோம், அவளைப் போலவே வேறு எங்கோ பார்த்தோம். முகத்தில் ஈ நடந்தது. தலையை ஆட்டவில்லை.